செவந்தியாகப் பேசியவர்

நம் விளையாட்டுக் குழுவில் அந்தச் செய்தி கமால் பாயின் எண்ணிலிருந்தே வந்தது. "நான் ரஸியா, அவங்க வீட்டுக்காரி. அவங்க மவுத்தாயிட்டாங்க." தில்லை நகர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்துவிட்டார் என்று படித்த பிறகு அடுத்த டோக்கனை யாருக்குக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் விளையாட்டில் படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. எழுத்தாலேயே கட்டிய ஓர் ஊர். அதில் ஆளுக்கொரு வேடம். நம் ஆள் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று போனில் எழுதுவோம். மற்றவர்கள் தங்கள் வேடத்திலிருந்து பதில் எழுதுவார்கள். அந்த ஊரில் பரிசல் ஓட்டும் வாயாடிக் கிழவி செவந்தி. அவளாக எழுதியவர் கமால் பாய்.

நான் சேர்ந்த அன்று மந்திர வாளோடு இளவரசியாக வந்து இறங்கினேன். வந்த வேகத்தில், "செவந்தியைக் குத்தினேன், அவள் ஆற்றில் விழுந்து செத்தாள்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "செவந்தி விழவில்லை. 'குடுடி அந்தக் கத்தியை, கத்திரிக்காய் நறுக்கணும்' என்று கை நீட்டுகிறாள்." எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரில் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான். இங்கேயும் மானம் போயிற்றே என்று விலகப் பார்த்தேன். அப்போது தனியாக எனக்கு எழுதினார்: "உங்க ஆள் என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதுங்க. அடுத்தவங்க கையை நீங்க அசைக்கக் கூடாது. ராணியா வராதீங்க, பசியோட வாங்க. பசிக்கிற ஆளுக்குத்தான் பேச வேண்டிய வேலை இருக்கும்."

மறுநாள் கூலி தேடி வந்தவளாக நுழைந்தேன். செவந்தி திட்டிக்கொண்டே கூழ் ஊற்றினாள். அன்று முழுக்க நான் பேசினேன்.

ஒருநாள் பெரிய கடைவீதியில் அவருடைய தையல் சாமான் கடைக்குப் போனேன். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். என் பெயரைச் சொல்லப் பார்த்தார். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் போனில் எழுதிக் காட்டினார்: "டீ சாப்பிடுங்க." பத்துப் பேரை ஒரே மூச்சில் விளாசுகிற செவந்தி இந்த மனிதருக்குள்ளா இருந்தாள்? அம்மாடி, அந்த மலைப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவருக்குத் திக்குவாய் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. ரஸியா சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் என்பதால் வெளி ஆண்கள் ரஸியாவைப் பார்க்க முடியாது. குழுவில் அவர் ஊரிலேயே இருக்கிற பெண் நான் ஒருத்திதான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். உள்ளறையில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரஸியா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். போனைப் பார்த்துச் சிரிச்சுக்குவாங்க. இப்ப எடுத்துப் படிச்சேன், வெறும் எழுத்தாத்தான் இருக்கு. எப்படிப் பேசுவாங்கன்னு ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்."

முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பேச வராதது ஒரு பக்கம். அடுத்தவர் கையை அசைக்காதே என்று சொன்னவரின் வேடத்தையே எடுப்பது இன்னொரு பக்கம். ஆனால் கேட்பது அவர் மனைவி. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தேன்.

"ஏண்டி, பரிசல்ல ஏறினா உக்காரணும்னு தெரியாது? நின்னுக்கிட்டே வர நீ என்ன கொடிக்கம்பமா?"

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் எழுதியது ஒவ்வொன்றும் என் வாயில் வந்தது. ரஸியா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். "இவ்வளவு பேச்சை வச்சிருந்தாங்களா" என்றார்.

செவந்தியை இனி யார் ஆடுவது என்று குழுவில் கேட்கிறீர்கள். அங்கே யாரும் ஆட வேண்டாம். நாலு பேர் எதிரில் எழுந்து நின்று திறக்கிற ஒரு வாயை அவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார்; அதை நான் வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போகிறேன். போன வாரம் கிளம்ப எழுந்தபோது ரஸியா என் கையை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் திட்டிட்டுப் போங்க" என்றார்.