சாயம் தள்ளிவிட்ட செம்பு

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவளைக் கரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கரி நிரப்பிய தொட்டி எவ்வளவு அழுக்கை எத்தனை நாள் பிடித்துவைக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. மாலையில் அவள் உடையில் கரித்தூளோடு வீட்டுக்குள் நுழைந்தால், தையற்காரக் கணவர் வெள்ளைத் துணிகளை ஓரங்கட்டிவிடுவார்.

புதுத் தொட்டிக்கும் அவள்தான் கணக்குக் கொடுத்தாள். சாயத்தைத் தனியாகச் சோதித்தாள். சாயக் கழிவோடு வரும் செம்பு உலோகத்தைத் தனியாகச் சோதித்தாள். இரண்டும் கரியில் நன்றாகவே ஒட்டின. இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்த்து, மழைக்காலம் முடியும்வரை கரி மாற்ற வேண்டாம் என்றாள்.

மழையே தொடங்கவில்லை. அதற்குள் தொட்டிக்குள் போகிற நீரைவிட வெளியே வருகிற நீரில் செம்பு அதிகமாக இருந்தது.

அளக்கும் கருவி கெட்டுவிட்டது என்றார் மேலாளர். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இன்னொரு கருவியில் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. பிறகு சாயத்தையும் செம்பையும் கலந்த நீரைக் குழாயில் அடைத்த கரிவழியே விட்டுப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. செம்பு ஒட்டிய இடத்தை, பின்னால் வந்த சாயம் பிடுங்கிக்கொண்டு அதை வெளியே தள்ளியது.

மேலாளர் அறைக்குப் போனாள்.

"கருவி நல்லாத்தான் சார் இருக்கு. தப்பு என் கணக்குல. வால்வை மூடிடுங்க."

"மூடினா பட்டறைக்காரங்க என் தோலை உரிச்சுடுவாங்கம்மா."

"திறந்திருந்தா ஆத்துக்குல்ல சார் போகுது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மூடச் சொன்னார். கழிவுநீரை விட வழியில்லாமல் பட்டறைகள் நின்றன. முதலாளிகள் வாசலில் வந்து கத்தினார்கள்; இவளெல்லாம் என்ன படித்தாள் என்று ஒருவர் அவள் காதுபடவே கேட்டார். அன்று இரவு வீட்டில் அதைச் சொன்னாள். தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைப்பதில்லையா என்று கணவர் தேற்றப் பார்த்தார்.

"உங்க துணி ஆத்துல கலக்காதுங்க" என்றாள்.

அதன்பின் இரண்டையும் விதவிதமான அளவுகளில் கலந்து சோதித்தாள். எது எதை எப்போது தள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்தாள். முதல் தொட்டி சாயத்துக்கு, இரண்டாவது செம்புக்கு என்று பிரிக்கச் சொன்னாள்.

இந்தத் தடவை நிச்சயமா என்று மேலாளர் கேட்டார்.

"இந்த ரெண்டுக்கும் நிச்சயம் சார். மூணாவதா ஏதாவது வந்து சேர்ந்தா மறுபடி சோதிக்கணும்."

வால்வைத் திறந்தார்கள். செம்பு அவள் சொன்ன காலம்வரை வெளியே வரவில்லை. இப்போது எந்தப் பட்டறை சாயத்தை மாற்றினாலும், சோதிக்க நீர் எடுக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போய் நிற்கிறாள். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.