சாள்ஸ் கொண்டுவந்த கேஸ்கட்

எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பெரிய பாதையில், இறப்பர்த் தோட்டத்துக்கு ஏறும் சந்திக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. முச்சக்கரவண்டிக்காரர்கள் அதைச் சாள்ஸ் பாஸின் கராஜ் என்பார்கள்; அந்தப் பக்கத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சாள்ஸ் இறந்துபோன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. இப்போது அங்கே வேலை செய்வது அவருடைய மனைவி ஜொய்சி.

ஜொய்சியின் அப்பா தோட்டத்தில் இறப்பர்ப் பால் ஏற்றும் பவுசரை ஓட்டியவர். அவள் கலியாணம் வரைக்கும் அவிசாவளையில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கலியாணமான புதிதில் சாள்ஸுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கராஜுக்குப் போனாள். அவர் நின்றபடியே சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தாள். பிறகு போல்ட் முடுக்கினாள், பிரேக் பார்த்தாள். சில வருடங்களில், சாள்ஸ் வெளியே போயிருந்தால் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போவதில்லை. "நங்கி, மேக்க பொட்டக் பலன்ன," என்று, இதைக் கொஞ்சம் பார் தங்கச்சி என்ற அர்த்தத்தில் சிங்களத்தில் சொல்லி, வண்டியை அவளிடமே காட்டினார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் இரண்டு பேருமாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி, சாயங்காலம் இரண்டு பேருமாக ஏறுவார்கள்.

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் ஜஸீல். இரத்தினபுரியில் இரத்தினக்கல் வியாபாரம் செய்பவர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நல்ல சிவப்பு நிறம். அவருடைய வாப்பா ஆசைப்பட்டு வாங்கியது. தெரிந்தவர்கள் வீட்டில் கலியாணம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறிப்போக ஜஸீல் அதைக் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு மணப்பெண்ணை நடுப்பாதையில் நிறுத்தி ஆவி கக்கியதிலிருந்து யாருக்கும் கொடுப்பதில்லை.

காருக்கு வந்த நோய் விசித்திரமான வருத்தமாக இருந்தது. டவுனுக்குள் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். ஏற்றத்தில் மிதித்து ஏறினால் விறுவிறுவென்று சிவப்புக்குப் போய்விடும். வேறு கராஜ்களில் ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்திருந்தார்கள். மூடியை மாற்றியிருந்தார்கள். யாரோ தேர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருந்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

சாள்ஸ் காரை ஷெட்டுக்குள் நிறுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை நன்றாக முறுக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. எஞ்சினின் உடம்புக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்துபோனால் எஞ்சினுக்குள் எரியும் காற்று தண்ணீருக்குள் புகுந்து அப்படித்தான் குமிழியிடும்.

"கேஸ்கட்தான். நீ என்ன சொல்ற?" என்று சாள்ஸ் கேட்டார்.

ஜொய்சியும் குனிந்து பார்த்தாள். தனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றாள்.

சாமான் கையில் வராமல் எஞ்சினைத் திறக்க மாட்டார் சாள்ஸ். அந்தக் காருக்குக் கேஸ்கட் கொழும்பிலும் கிடைக்கவில்லை. கடைசியில் இரத்தினபுரியில் ஒரு பழைய கடைக்காரர், தன்னிடம் ஒன்று கிடப்பதாகப் போனில் சொன்னார். மறுநாள் காலை நல்ல மழை. மழைக்குப் பயந்தால் அந்தப் பக்கத்தில் எந்த வேலையும் நடக்காது. சாள்ஸ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். ஜொய்சி அவரைத் தடுக்கவில்லை. தடுக்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

திரும்பி வரும்போது, குருவிட்டையைத் தாண்டி ஓரிடத்தில் பாதையோரத்து மேடு இறங்கியது. மரங்களோடு சேர்ந்து வந்த மண் அது. ஒரு வேனும் சாள்ஸின் மோட்டார் சைக்கிளும் அதற்குள் அகப்பட்டன. வேனில் இருந்தவர்களை உயிரோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜொய்சியிடம் அவருடைய கடிகாரத்தையும் பர்ஸையும் கொடுத்தார்கள். கூடவே பழைய பேப்பரில் சுற்றிய தட்டையான ஒரு பொதியையும் கொடுத்தார்கள். ஹெட் கேஸ்கட் வளையக்கூடாது. அதனால் சட்டைக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் உருத்தெரியாமல் போயிருந்தது. கேஸ்கட்டில் ஒரு மடிப்புகூட இல்லை.

தோட்டத்து மாதா கோவிலில் பூசை நடந்து, பிரேதத்தை எடுத்தார்கள். ஜஸீல் வந்து வாசலுக்கு வெளியே குடையில்லாமல் நின்றார். சாள்ஸின் அம்மா மரியாயி, வாழ்நாள் முழுக்க இறப்பர் மரத்தில் பால் வெட்டியவள், வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தை மகன் கண்டுபிடித்தான். அதற்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் செத்தான். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவளுடைய அழுகை கொஞ்சம் நிற்கும்.

சில மாதங்கள் கராஜ் பூட்டிக் கிடந்தது. கார் உள்ளேயே தூசி பிடித்து நின்றது. அதை இழுத்துக்கொண்டு போய்விடுவதாகவும், இனி அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் ஜஸீல் சொல்லியனுப்பினார். ஜொய்சி அவருக்குப் போன் பண்ணினாள். அது சாள்ஸ் தொடங்கிய வேலை, தான் முடித்துத் தருகிறேன் என்றாள். அவள் இஷ்டம் என்றார் ஜஸீல்.

அடுத்த நாள் காலை அவள் தனியாக இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். சாள்ஸின் வேலைச் சட்டை ஆணியில் தொங்கியது. அதைத் தொடாமல் காரின் பொனட்டைத் தூக்கினாள்.

ஹெட்டைத் தூக்கப் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். அவர் போன பிறகு பழைய கேஸ்கட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எரிந்திருந்தால் ஒரு கறுப்புக் கோடாவது தெரிய வேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துணியால் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஹெட் வளைந்திருக்கிறதா என்று இரும்பு ரூலரை வைத்துப் பார்த்தாள். அதுவும் நேராகத்தான் இருந்தது.

அன்று அவள் மேற்கொண்டு வேலை செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாதையில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை தன் கண்ணுக்குத் தெரியாத ஏதாவது வெடிப்பு இருக்கும், புதுக் கேஸ்கட்டைப் போட்டால் சூடு நின்றுவிடும் என்று மனதுக்குச் சொன்னாள். நிற்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டாள்.

கழற்றிய பழையதைத் திரும்பப் போட முடியாது. எனவே பேப்பரைப் பிரித்து, சாள்ஸ் கொண்டுவந்ததை வைத்து ஹெட்டை இறக்கினாள். அவர் எப்படி நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக போல்ட்டுகளை முடுக்குவாரோ அப்படியே முடுக்கினாள்.

ஜஸீல் வந்தார். காரை அவர் ஓட்ட, ஜொய்சி பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துப் பாதையில் ஏறினார்கள். கோவிலைத் தாண்டும்வரை முள் நடுவில் இருந்தது. பழைய ஸ்டோர் வளைவில் அசைந்தது. மேல் லயத்துக்குப் போவதற்கு முன்பே சிவப்புக்குப் போய்விட்டது. பொனட்டின் ஓரத்தால் ஆவி வந்தது.

ஜஸீல் பாதையோரமாக நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. போதும், விட்டுவிடலாம் என்றார். ஜொய்சி எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்றாள். இறங்கி நின்று பார்த்தாள். காரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டால் முள் மெல்ல இறங்கியது. மிதித்தால்தான் ஏறுகிறது. அப்படியானால் மிதிக்கும்போது ஏதோ ஒன்று தண்ணீரை மறிக்கிறது. அவள் சாக்கை விரித்துத் தரையில் படுத்துத் தலையைக் காருக்கு அடியில் விட்டாள்.

"நானா, நல்லா ரேஸ் பண்ணுங்க," என்று ஜஸீலை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சொன்னாள்.

எஞ்சின் உறுமியது. ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் கீழ் ஹோஸ், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ கையால் நசுக்குவது போல் தட்டையாகியது. அவர் காலை எடுத்ததும் பழையபடி உருண்டையானது. அந்த ஹோஸுக்குள் சுருள் கம்பி ஒன்று இருக்க வேண்டும். யாரோ புது ஹோஸ் மாற்றியபோது கம்பியைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பம்ப் வேகமாக இழுத்தால் வெறும் இறப்பர் தாங்காது. தண்ணீர் நின்றுபோனால் உள்ளே இருப்பது கொதிக்கும். அன்று ஷெட்டுக்குள் அவளும் சாள்ஸும் பார்த்த குமிழிகள் அந்தக் கொதிப்புதான்.

இன்னொரு தரம் ரேஸ் பண்ணச் சொன்னாள். இன்னொரு தரமும் தட்டையாகியது. அதன் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஜஸீல் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி?"

"கீழ் ஹோஸ், நானா. உள்ளுக்குக் கம்பி இல்ல."

"அப்ப கேஸ்கட்?"

"கேஸ்கட்டுல ஒண்ணுமே இல்ல. ஹெட்டைத் தூக்கினப்பவே பார்த்தேன்."

ஜஸீல் அப்படியே பாதையோர வடிகான் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜொய்சி காருக்கு அடியில் படுத்தபடியே அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை. மேலே மரங்களுக்கு நடுவில் பால் வாளிகளோடு போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கம்பியைச் சுருட்டி ஹோஸுக்குள் போட ஒரு காலைப்பொழுதுகூடத் தேவைப்படவில்லை. அடுத்த முறை ஏறியபோது மேல் லயம் தாண்டி, தோட்டத்தின் உச்சிவரைக்கும் போனார்கள். முள் நடுவைவிட்டு அசையவில்லை. பிறகு இறங்கி வந்தார்கள்.

கார் சரியாகிவிட்டது என்ற செய்தி அவளுக்கு முன்னே லயத்துக்குப் போய்விட்டது. மரியாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகன் சொன்னது சரியாகப் போய்விட்டதல்லவா என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வரும் வழியெல்லாம் ஜொய்சி அப்படித்தான் நினைத்து வந்தாள். ஆனால் அந்தப் பாரத்தை இனித் தனியாகச் சுமக்க அவளால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னாள்.

மரியாயியின் கை நின்றது.

"அப்ப அவன் சும்மாவா போனான்?"

"நாங்க ரெண்டு பேருமே அதுதான்னு நினைச்சோம் மாமி. அவரு கேட்டாரு. நானும் அதையேதான் சொன்னேன்."

கிழவி திட்டுவாள் என்று ஜொய்சி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாயி கீரைச் சுளகை எடுத்துத் தூர வைத்தாள். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் அவசரம், உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டான் என்றாள். பிறகு மருமகளின் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சாள்ஸை அடக்கம் பண்ணியதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதன் பிறகு மரியாயி மருந்துக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

ஜஸீல் அந்தக் காரை வைத்திருக்கவில்லை. நல்லபடியாக ஓடத் தொடங்கிய பிறகும் அதில் ஏறி உட்கார அவருக்கு மனம் வரவில்லை. கொழும்பிலிருந்து யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தன் வேன்களை மட்டும் இன்றைக்கும் ஜொய்சியிடம்தான் அனுப்புகிறார்.

கராஜ் நடக்கிறது. மரியாயி காலையில் மருமகளோடு இறங்கி வந்து, தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்து, சாயங்காலம் அவளோடு ஏறிப் போகிறாள். எஹலியகொடையில் கிடைக்காத சாமான் இரத்தினபுரியில் கிடைக்கும். ஆனால் ஜொய்சி போவதில்லை. கடைக்காரருக்குப் போன் பண்ணுவாள். அவர் பொதி கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுவார். கராஜுக்கு முன்னால் பஸ் வேகம் குறையும். கண்டக்டர் மிதிபலகையில் நின்று பொதியை நீட்டுவார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வாங்கிக்கொள்வாள்.