கல்லூரி வாசலில் ஒரு பிளாஸ்க் சாயா

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்த ஊர்க் கல்லூரிச் சுவரில் ஒரு பிள்ளையின் படம்கூட இல்லை. நான் படித்த தக்கலையில் தேர்வு முடிவு வந்த மறுநாளே முதல் மதிப்பெண் பிள்ளைகள் பிளெக்ஸ் தட்டிகளில் சந்திப்புதோறும் சிரிப்பார்கள். இங்கே நம்மூர்ப் பதினொன்று, பன்னிரண்டுக்குச் சமமான வகுப்புகள் படிப்பதற்கென்றே தனியாக சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்வி ஆய்வாளர்கள் வந்து இந்தக் கல்லூரியைப் பார்த்து 'குட்' என்று எழுதிப் போயிருக்கிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லை நம்பி மகள் அனிஷாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கோ இங்கேதான் சேர வேண்டும். தூரத்தில் இருக்கும் பெயர்பெற்ற கல்லூரிதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையானாலும் பள்ளிக்கூடமானாலும் விசாரிப்பது எதிரேயுள்ள சாயாக்கடையில்தான். என்னைப் பதினொன்றில் சேர்க்கும் முன் அப்பா எங்கள் ஊரான அருமனையிலிருந்து வந்து தக்கலைப் பள்ளிக்கு எதிரே அப்படித்தான் உட்கார்ந்தார். "பெல் அடிச்ச பொறவு பிள்ளைகள் எப்பிடி வெளிய வருதுன்னு பாத்தா போதும்" என்பார். அருமனை பஸ் வரும்வரை ஒரு டீச்சர் பெண்பிள்ளைகளோடு நிற்பதைப் பார்த்தார். மறுநாளே என்னைச் சேர்த்துவிட்டார்.

ஆகவே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து நானும் போனேன். எதிரே கடை எதுவும் இல்லை. பேருந்து நிழற்குடையில் சாயா பிளாஸ்கோடு நின்றேன். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்க ஒருவர் சாலையைக் கடந்து வந்து, யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"யாருக்காகவும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்றேன், பெருமையாக.

அவர் முகம் இறுகிவிட்டது. என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் ஒரு தாய் என்று எவ்வளவு சொல்லியும், பார்வையாளர் நாளில் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். அவமானத்தில் காது சுட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அனிஷா கொதித்தாள். "ஏம்மா அங்க போய் நின்ன? எல்லாரும் பாத்திருப்பாவ!"

"படிக்கப் போறது நீ. அனுப்புறது நானாக்கும். நாளைக்கும் போவேன்."

போனேன். சாரல் அடித்தது. ஊன்றுகோலோடு வந்த ஒரு பெண்பிள்ளை பேருந்தைத் தவறவிட்டாள். நேற்று என்னை விரட்டிய அதே மனிதர் குடையோடு ஓடி வந்து, அவளருகே நின்றுகொண்டார். முன்பின் தெரியாத என்னிடம் பெயர் கேட்டதும் இதே அக்கறையில்தான் என்று அப்போது புரிந்தது. பிளாஸ்க் மூடியில் சாயா ஊற்றி அவரிடம் நீட்டினேன். தயங்கித்தான் வாங்கினார்.

அனிஷாவைப் போனில் கூப்பிட்டேன். "ஏட்டி, இங்கயே சேரு."

அடுத்த பேருந்து வளைவில் திரும்பியது. முகப்புப் பலகையில் அருமனை என்று இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது.