நன்றாக இருக்கிறது என்று சொல்லாத ஊர்

இன்று காலை எங்கள் வார்டின் ஆறாம் கட்டில்காரரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முந்தாநாள்தான் அவர் வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். "நாட் ஸோ பேட்" என்றார். அவ்வளவு மோசமில்லையாம். பத்து நாளுக்குப் பிறகு வெளியே வெயில் எட்டிப் பார்த்தது. அதைக் காட்டினேன். அதுவும் மோசமில்லையாம். போன மாதம் மகளைக் கட்டிய மாப்பிள்ளை? அவனும் மோசமில்லை. வட இங்கிலாந்தின் இந்த யார்க்ஷயரில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் எடுத்துவிட்டார்கள். 'நல்லது' என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் எடுக்கவில்லை. நம் அஞ்சுகிராமத்தில் தலைவலிக்காரர் ஒருவரிடம் சுகமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் முன் உட்கார இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கனம் தெரியாமல்தான் நான் கப்பலேறினேன். எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் இருந்த ஒரு மிஸ்ஸியம்மா. இங்கிலாந்தின் தென்கோடிக்காரர். கோணலாகத் தைத்த கைக்குட்டையைக் காட்டினாலும் "ஸ்பிளென்டிட்!" என்று கையைத் தட்டுவார். பாதிக் கணக்கு தப்பாக இருந்தால் "வெரி குட்". 'நாட் பேட்' என்று அவர் சொல்லி ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அந்த வருடம் தேறவில்லை. ஆக, வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் அளவுகோல் என்று நான் நம்பியதில் என்ன தப்பு? தந்தி வந்தால் படித்துச் சொல்ல ஊரே என்னிடம்தான் வரும். அந்தக் கர்வம் வேறு.

நர்சிங் படிப்புக்கு முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். வார்டின் தலைமை நர்ஸான சிஸ்டர் சரி என்றால் படிப்பு. இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு. எங்கள் சிஸ்டர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் நான் விரித்த படுக்கையின் மூலையை இழுத்துப் பார்த்தார். "நாட் பேட், நர்ஸ்." தேறாத அந்தப் பெண்ணின் கதிதான் எனக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, சுருக்கம் ஒன்று இல்லாமல் விரித்தேன். நாட் பேட். காயத்துக்குக் கட்டுப் போட்டேன். நாட் பேட். பதினோரு வாரம் இதே தீர்ப்பு. துணி அலசும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் வீணாவதற்காகவும் சிஸ்டர் திட்டினார்.

கடைசியில் ஒரு நீல விமானக் கடிதத்தில் அம்மாவுக்கு எழுதிப் போட்டேன்: "நான் தோற்றுவிட்டேன். திரும்பி வருகிறேன்." பெட்டியைக் கட்டிவிட்டு, அவர்கள் வெளியே அனுப்பும் முன் நாமே போய்விடுவோம் என்று சிஸ்டரிடம் போய் நின்றேன்.

"நீ லாயக்கில்லை என்று யார் சொன்னது?" என்றார் சிஸ்டர்.

"நீங்கள்தான். பதினோரு வாரமாக, தினமும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். அவருடைய ஆங்கிலத்தை நம் ஊர்ப் பேச்சில்தான் பெயர்க்க முடியும்: "ஏ பிள்ளே, இந்த அம்மா உலகச் சண்டை முடிஞ்ச பொறவு வேற ஒருத்தரயும் இப்பிடி மெச்சிக் கேக்கல. பெரிய டாக்டரயே 'ஏதோ ஒப்பேத்துவாரு'ன்னுதான் சொல்லுவா!"

சிஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. "போய் வேலையைப் பார்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று. இந்த ஊர்க்காரர்களை நான் பிறந்ததிலிருந்தே அறிவேனே! நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது: "என்னத்த, ஏதோ எழுதி வச்சிருக்கா." அண்ணனின் கொழுகொழு பிள்ளையைப் பார்த்து, "கறுத்து மெலிஞ்சு கெடக்கு, கொள்ளாது" என்பாள். கண் பட்டுவிடக் கூடாதாம். போதகர் ஆலயத்தில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கித்தால், ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மிளகாய் சுற்றிப் போடுவாள். அதே அம்மா வெள்ளைத் தொப்பி போட்டு ஆங்கிலம் பேசியதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆனால் கடிதம் போய்விட்டது. அப்பாவின் கையெழுத்தில் அம்மாவின் பதில் வந்தது. "வந்திரு மக்கா. கட்டில ஜன்னலோரமா மாத்திப் போட்டாச்சு. சுகமா இருக்கியா? என்னைக்கு வாற?" அதைக் கையில் வைத்துக்கொண்டு, வரவில்லை என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை. சுகமா என்று கேட்டிருந்தாளே, அதற்குப் பதிலாக, வார்டுக் காற்று பட்ட கையால், "மோசமில்லை" என்று எழுதினேன். அவ்வளவுதான். பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்று வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கத் தொடங்கிவிட்டாள் அம்மா.

படிப்பு முடிந்து விடுப்பில் ஊருக்குப் போனேன். நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேரப்போவதாகக் கடைத்தெருவில் ஒரே பேச்சு. நான் இரண்டு ஊர்க்காரி ஆகிவிட்டேனே என்று சங்கடப்பட்டு வந்தால், ஊரே புறப்பட்டு நிற்கிறது! கட்டில் அதே ஜன்னலோரத்தில்தான் கிடந்தது. அம்மா தேங்காய் அரைத்த மீன்குழம்பை ஊற்றினாள். நாலு வருடமாக நான் கனவில் தின்ற குழம்பு.

"ஏட்டி, எப்பிடி இருக்கு?"

"மோசமில்லம்மா" என்றேன்.

அகப்பை பாதியில் நின்றது. "உப்பு கூடிப்போச்சா? இல்ல, அந்த ஊரு ருசி ஒட்டிக்கிடுச்சா?" என்றவள், என் தட்டைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய், அமிர்தம் என்றேன், இதைப் போல உலகத்தில் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அவ்வளவு புகழ்ந்தால் யார்தான் நம்புவார்கள்?

திரும்பி வந்து வார்டில் நுழைந்த அன்று சிஸ்டர் தன் அறையில் தலை நிமிராமல் கேட்டார்: "வீடு எப்படி இருந்தது?"

"நாட் பேட், சிஸ்டர்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அறையின் கதவைச் சாத்தி, தனக்கென்று ஊற்றி வைத்திருந்த தேநீரை என் பக்கம் தள்ளினார். "அழுதுவிட்டு வா. படுக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மாவிடம் போய்ச் சேராத அந்தச் சொல் அவருக்குப் புரிந்திருந்தது.