மாவுக்குக் கை போடுகிறவள்

தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு வந்து கைராசிக்கார அக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் சந்து எது என்று காட்டிவிடும். கீழே மாவு அரைக்கிற இடம். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே எங்கள் குடித்தனம். இட்லி தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டி கடைகளுக்கு அனுப்புகிறோம். பம்பாயில் எல்லாரும் சொல்வதுபோல நாங்களும் இந்தத் தொழிலைத் தந்தா என்றுதான் சொல்வோம். அந்தக் கைராசிக்காரி நான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னால்தான் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பது விளங்கும்.

ஆரம்பத்தில் எங்களிடம் ஒரே ஒரு கிரைண்டர் இருந்தது. என் கணவர்தான் அரைப்பார், அவரே உப்புப் போட்டுக் கலக்குவார். ஒரு மழைக்காலத்தில் மாவு பொங்கவே இல்லை. போட்டது போட்டபடி கிடந்தது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வர, நான் கலக்கினேன். மறுநாள் காலையில் மாவு பாத்திரத்தை மீறித் தரையெல்லாம் வழிந்திருந்தது. மழை விட்டு நல்ல வெயில் அடித்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "இவ கை போட்டா மாவு பொங்குதுல்லா" என்று என் கணவர் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. புகுந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் எதற்கும் மெச்சியதில்லை. அன்றிலிருந்து உப்புப் போட்டுக் கலக்குவது என் வேலையாயிற்று. வேறு யார் கையும் மாவில் படக் கூடாது.

தூரமான நாட்களில் வீட்டு ஊறுகாய் ஜாடியை நான் தொடக் கூடாது. ஆனால் தந்தா மாவை மட்டும் தொடலாம். இது யார் வகுத்த சாஸ்திரம் என்று ஒருமுறை என் கணவரிடம் கேட்டேன். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என் அப்பா ஊரில் இறந்துபோன தகவல் காலையிலேயே வந்தது. சாயங்காலம் மாவுக்குக் கை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு அழுததைவிட, அதை நினைத்துப் பின்னால் நான் கொதித்ததுதான் அதிகம்.

என்னைக் கட்டிப் போட்டது யாருடைய அதட்டலும் அல்ல, புகழ்ச்சி. அதட்டினால் திருப்பி அதட்டியிருப்பேன். எனக்கு வாய் ஒன்றும் குறைச்சல் இல்லை. "உன் கை இல்லன்னா நாங்க என்ன ஆவோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர்களிடம் என்னதான் சண்டை போட முடியும்?

இந்த நிலையில்தான் மருமகள் வந்தாள். சுனாபட்டியில் பிறந்து வளர்ந்த பெண். ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தவள். கல்யாணத்தோடு அந்த வேலையை விட்டாள். "கொஞ்ச நாள் உங்க தந்தாவ சரி பண்ணித் தரேன் அத்தை. அப்புறம் நான் வேலைக்குத் திரும்பிப் போவேன்" என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். டாக்சி ஓட்டுகிற என் மகன் அதற்குச் சம்மதித்திருந்தான். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதனால் சுவரில் அவள் எழுதி ஒட்டியதெல்லாம் இந்தியில் இருந்தது. எந்த அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மே மாத வெயிலில் எவ்வளவு ஐஸ் தண்ணீர், மழைக்காலத்தில் டிரம்மை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். உப்பைத் தராசில் எடை போட்டுச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்தாள். டிரம்முக்கு உள்ளே மாவு எதுவரை இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தாள். என் கணவர் முணுமுணுத்தார். ஆனால் வெயிலில் பாக்கெட் ஊதி வெடிப்பது நின்றுபோனது. கடைகளிலிருந்து திரும்பி வருவதும் குறைந்தது. அதற்குப் பிறகு அவர் முணுமுணுக்கவில்லை.

வேலை சீரானதும் தந்தா வளர்ந்தது. கிரைண்டர்கள் கூடின, பாக்கெட் போட ஆட்கள் கூடினார்கள், டிரம்கள் கூடின. அத்தனை டிரம்முக்கும் கை மட்டும் ஒன்றுதான். என்னுடையது. மற்ற எந்த வேலையையும் யாரும் செய்யலாம், ஆள் வராவிட்டால் இன்னொருத்தர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. நான் ஒருத்தி மட்டும் சாயங்காலமானால் குனிந்தபடி ஒவ்வொரு டிரம்மாக முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை வலியில் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. முன்னேற்றம் என்று எல்லாரும் சொன்னது எனக்குக் கூடுதல் டிரம்மாகத்தான் வந்து சேர்ந்தது.

மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. "அத்தை, ஒருத்தர் இல்லாட்டி நின்னுபோற வேலை, வேலையே இல்ல" என்று சொல்லி, நீளமான ஒரு மரத் துடுப்பு வாங்கி வந்தாள். அதை வைத்து யார் வேண்டுமானாலும் கலக்கலாம் என்பது அவள் எண்ணம். ஒரு நாள் பாக்கெட் போடுகிற அக்காவை விட்டுக் கலக்கச் சொன்னோம். மாவு பொங்கத்தான் செய்தது. என் கணவர் விரலில் தொட்டு முகர்ந்து, "வாசம் வேற மாரி இருக்கு" என்றார். அவர் சொன்னதும் எல்லாருக்கும் வாசம் வேறு மாதிரி வீசத் தொடங்கிவிட்டது. துடுப்பு மூலைக்குப் போயிற்று. அதன்மேல் பிறகு கைப்பிடித் துணிகள் காய்ந்தன.

என் மகளுக்கு அப்போது தலைப்பிரசவம். சான்பாடாவில் அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். முறைப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். கீழே கிரைண்டர் சத்தம், ஏறி இறங்க இரும்பு ஏணி, எங்கே கொண்டுவந்து வைப்பது? சம்பந்தியம்மா பெரிய மனசு பண்ணித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மகளிடம் போனில், "வலி எடுத்ததும் நான் வந்துருவேன், நாப்பது நாளும் உங்கூட இருப்பேன்" என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வேண்டாம்மா, மாவு இருக்கும்ல" என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சமயம் பார்த்து செம்பூரில் பெரிய கடை ஒன்று எங்கள் மாவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. முதல் லோடு போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் மகளுக்கு வலி எடுத்தது. நான் புடவை மாற்றும்போதே மருமகளிடம் சொன்னேன்: "இன்னைக்கு நீ துடுப்ப வச்சுக் கலக்கு." என் கணவரும் அங்கேதான் நின்றார். சரி என்றார். நான் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் பன்வெல் வண்டிக்கு மாறிச் சான்பாடா போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சாயங்கால நேரத்தில் டிரம் இல்லாத இடத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

உள்ளே மகள் முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது என் கணவர் போன் செய்து, "கீழ வாயேன், கேட் பக்கத்துல நிக்கேன்" என்றார். மகளைப் பார்க்க வந்துவிட்டாரே என்று சந்தோஷமாகத்தான் படியிறங்கினேன்.

வாசலில் ஒரு டெம்போ நின்றது. பின்னால், வாயில் ஈரத்துணி கட்டிய டிரம்கள். பக்கத்தில் மருமகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். என் கணவர் கையில் தண்ணீர்க் கேன், சோப்பு, மடித்த துண்டு. எதையும் மறக்கிற மனுஷன் இல்லை.

"புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "ஏளா, ஒரு நிமிஷ வேலைதான். கைய மட்டும் போட்டுட்டுப் போயிரு. நாளைக்குப் பொங்கலைன்னா செம்பூர்க்காரன் முதல் நாளே கழட்டி விட்ருவான்" என்றார்.

டெம்போ டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாட்ச்மேனும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அதற்கெல்லாம் மேலே எரிச்சல். உள்ளே பெற்ற மகள் துடிக்கிறாள், வெளியே மாவு என்னைத் தேடி டெம்போ பிடித்து வந்திருக்கிறது. நான் எங்கே போய் ஒளிந்தாலும் இந்த டிரம்கள் வந்துவிடும் என்று தோன்றியது.

"நான் போட மாட்டேன்" என்றேன்.

"ஏளா..."

"போட மாட்டேன்னு சொல்லுதேன்லா. துடுப்பு எங்க?"

"அது அங்ஙன கிடக்கு" என்றார். அவருக்கு எதிரே நான் அப்படி மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. ஒன்றும் புரியாமல் நின்றார். நான் திரும்பி நடந்தேன்.

மாடிப்படி வளைவில் ஒரு ஜன்னல் இருந்தது. நின்று பார்த்தேன். என் கணவர் துண்டை அகல விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகள் டெம்போவில் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, உப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு டிரம் முடிந்து அடுத்ததுக்குப் போனாள். அதற்குமேல் நான் நிற்கவில்லை.

பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்தபோது சம்பந்தியம்மா, "நீங்க வாங்குங்க" என்று விட்டுக்கொடுத்தார். வாங்கினேன். மகளைப் பார்க்க விட்டதும் அவள் முதலில் கேட்டது, "போயிரலையா?" என்று. "எங்க போவேன்? நாப்பது நாளும் இங்கதான்" என்றேன். அவள் நம்பினாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. என் கையைப் பிடித்த பிடியைத் தளர்த்தாமல் அப்படியே தூங்கிப்போனாள்.

மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு பத்தியச் சாமான்களும் வாங்கிவரலாம் என்று மறுநாள் மதியம் தாராவிக்கு வந்தேன். சாயங்காலத்துக்குள் திரும்புவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். சந்து முனையிலேயே என் கணவர் எதிர்ப்பட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொங்கிட்டுளா! என்னமா பொங்கிருக்கு! செம்பூர்க்காரன் போன் பண்ணி இன்னும் ரெண்டு டிரம் கேக்கான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் புள்ளைக்கும் கைராசி இருக்கு. யாருகிட்டயும் இன்னும் சொல்லல. நீதான் போட்டன்னு நினைச்சுக்கிட்டு இருக்காளுவோ. இப்ப உன்ன வச்சே சொல்லிருவோம். நீ நாப்பது நாளு என்ன, மூணு மாசம்கூட இருந்துட்டு வா. இனிமே அவ போடுவா."

நான் காத்துக்கிடந்த விடுதலை அவர் வாயாலேயே வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏணியைப் பிடித்து ஏறி, பையில் புடவைகளை அடுக்கத் தொடங்கினேன். மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

"மாமா சொல்லிட்டாரா?"

"சொன்னாரு."

"எனக்கு அந்தக் கூரியர் ஆபீஸ்ல இருந்து மறுபடி கூப்பிட்டிருக்காங்க அத்தை. அடுத்த மாசம். இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள். பிறகு, "மாவு பொங்கினது என் கையால இல்ல. உப்பும் நேரமும் சரியா இருந்துச்சு, அவ்வளவுதான். யார் போட்டாலும் பொங்கும். நீங்களாவது நம்புறீங்கதானே?" என்று கேட்டாள். பேசிக்கொண்டே வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

நான் நம்பினேன். கீழே இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு கை வேண்டும். அடுத்த மாதம் இந்தப் பெண் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, "உன் கை இல்லன்னா நாங்க என்ன ஆவோம்" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். நல்ல பெண், மறுத்துச் சொல்ல மாட்டாள். நேற்றுவரை நானும் சொல்லவில்லையே. கீழே இருந்து என் கணவர் கூப்பிட்டார். இரண்டு பேரும் இறங்கினோம்.

அரைத்த மாவு டிரம்களில் தயாராக இருந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். பாக்கெட் போடுகிற அக்கா, "சான்பாடாவுல இருந்து கை போட்டு அனுப்பிருக்கீங்களே அக்கா, என்ன கை இது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கணவர் அதற்குத்தான் காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"நேத்து யாரு கை போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"நாந்தான்" என்றேன். "நாந்தான் போட்டேன். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

என் கணவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எல்லாரும் வழிவிட்டார்கள். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மகளுக்குப் போனில் என்ன சொல்வது என்று யோசித்தபடியே முதல் டிரம்முக்குள் கையை விட்டேன்.