விசில் சத்தத்தில் ஓடியவர்கள்

எங்கள் முதுகலை வகுப்பில் 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்ற பாடத்துக்குக் குதூகலித்த ஒரே ஆள் மாரிச்செல்விதான். விருதுநகர் வெயிலில் மின்விசிறியும் நின்றுபோய் நாங்கள் எல்லாரும் சொக்கிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, பிழைக்க வந்தவனையும் உயிருக்குப் பயந்து வந்தவனையும் சட்டம் எப்படிப் பிரித்துப் பார்க்கும் என்று கேட்டாள். ஞானபூரணி மேடம் மகிழ்ந்துபோய் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். வகுப்பு முடிவதற்குள் என் பஸ் போய்விட்டது. அவளை மனதாரத் திட்டினேன்.

அவளுக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா முத்துமாரியம்மாள் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கம்மாது, பெருமையாகத்தான் சொல்வாள். எதைப் படித்தாலும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவாள். அம்மா பாதியில் தூங்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.

ஆளுக்கொரு சமூகப் பிரச்சினையை எடுத்துக் களஆய்வு செய்யச் சொன்னார்கள். நான் 'கைப்பேசி அடிமைத்தனம்' எடுத்தேன், படுத்துக்கொண்டே செய்யலாம். மாரிச்செல்வி குடியேற்றத்தை எடுத்தாள். பட்டாசு வேலைக்கு ரயிலேறி வரும் வடக்கத்தி ஆட்களில் பாதிப்பேர் திருட்டுத்தனமாக நாட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் என்று டீக்கடைகளில் பேச்சு. அது நிஜமா புரளியா என்று கண்டுபிடிக்காமல் அவளால் இருக்க முடியாது. நல்ல ஆய்வை மதுரைக் கருத்தரங்கில் வாசிக்கலாம், அதை வைத்து ஆராய்ச்சிப் படிப்புக்கும் இடம் கிடைக்கலாம் என்று மேடம் வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை.

அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே வடக்கத்தி ஆட்கள் தங்கியிருந்தார்கள். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிக்கொள்ளலாம் என்று மேனேஜர் மகேஷ்குமார் சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமையே மேடம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் கிளம்பினார். ஞாயிறு வரைக்கும் எவள் பொறுப்பாள் என்று மாரிச்செல்வி என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள். அன்று துறை விழா என்பதால் இருவரும் சேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். மேடத்தின் கார் வெள்ளை நிறம்.

கம்பெனி வாசலில் எங்களை இறக்கிவிட்டுக் கார் போனது. வாட்ச்மேன் சீனிச்சாமி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலை எடுத்து ஊதினார்.

ஒரு அறையில் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று சட்டம் இருக்கிறது. சீசனில் ஆர்டர் குவியும்போது அந்தக் கம்பெனியில் பதிவில் பேர் இல்லாத பெண்களையும் மரத்தடியில் உட்கார வைத்துச் சரம் பின்னச் சொல்வார்கள். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் விசில். விசில் கேட்டால் அவர்கள் பின்பக்கமாக ஓடிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது கண்ணில் பட்டது, பின்னிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே போட்டுவிட்டு ஒரு கூட்டமே கம்பி வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்ததுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள்.

மாரிச்செல்வி என் கையை நெரித்தாள். "ஆஷ்லின், பாத்தியா? ஓடுறாங்க. நெசம்தான் போல." அவள் முகம் ஜொலித்தது. ஆய்வே முடிந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

உள்ளே போனோம். மரத்தடியில் ஒரே ஒருவர் மட்டும் நிதானமாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜார்க்கண்ட்காரர். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு, இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து ஆதார், காப்பீட்டு அட்டை, கம்பெனி அட்டை எல்லாவற்றையும் வரிசையாக விரித்தார். போலீஸ் அடிக்கடி சோதிக்கும் என்பதால் வடக்கத்தி ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எல்லா அட்டையும் எடுத்து, பதிவிலும் ஏற்றிவிட்டார்களாம். தான் எதற்கு ஓட வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் எங்களையே கேட்டார்.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. முத்துமாரியம்மாள். கையெல்லாம் முள் கீறல்.

"ஏண்டி, நாயித்துக்கிழமதான வாரேன்னு சொன்ன?" என்றார். "ஆபீசருன்னு நெனச்சு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுனோம்."

அம்மாவுக்கே பதிவில் பேர் இல்லை என்பது மாரிச்செல்விக்கு அன்றுதான் தெரிந்தது. விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நான் தப்பான ஆளுகளைத் தேடிட்டேன். உண்மையான பாடம் அங்கதான் இருக்கு" என்றாள். மறுபடியும் கண்ணில் அந்த வெறி. எனக்கும் ஒட்டிக்கொண்டது, என் கைப்பேசி ஆய்வை மறந்து அவளுக்காக அலைந்தேன். சொந்த ஊரிலேயே பதிவில்லாமல் உழைக்கிறவர்களைப் பற்றித் தலைப்பை மாற்றிக்கொண்டாள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கம்பெனி பேரோ தன் பேரோ எங்கும் வரக் கூடாது, வந்தால் வேலை போய்விடும். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மதுரைக் கருத்தரங்குக்கு மகள் பேசுவதைக் கேட்க அம்மாவும் வந்தார். என் பக்கத்தில் கடைசி வரிசையில், புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வி பிரமாதமாக வாசித்தாள். நான் கை வலிக்கத் தட்டினேன். பிறகு தலைமை தாங்கிய பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஊர் பேர் இல்லை, ஆள் பேர் இல்லை, விசில் ஊதினார்களாம், ஓடினார்களாம். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இதை ஆய்வு என்று ஏற்க முடியாது என்றார். ஓடியவர்களில் ஒருவரையாவது காட்ட முடியுமா என்று கேட்டார். அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

மாரிச்செல்வி மேடையில் நின்றாள். வாயைத் திறந்தால் ஆராய்ச்சி இடம் அவளுக்கு. அவள் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காட்ட முடியாது சார்" என்று தாளை மடித்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நாந்தான்யா ஓடுனேன்," என்றார் முத்துமாரியம்மாள், எழுந்து நின்று. "கேக்குறத எங்கிட்டக் கேளுங்க. அவ சொல்ல மாட்டா."