ஆற்றுக்குப் போன மாத்திரை

மலேசியாவின் சுங்கை பெசார் ஊர் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டதே இல்லை. மெலிந்த உடம்பு, மூக்கு நுனிவரை இறங்கிவிடும் கண்ணாடி. புது மருந்தைக் கொடுக்கும் முன் எல்லோரிடமும், "வீட்டுல பழசு மிச்சம் இருக்கா?" என்று கேட்பார்.

நான் ஆற்று மீன் வியாபாரி. மனைவி கருத்தடை மாத்திரையை நிறுத்தியபோது, மிச்சத்தை வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் சாக்கடையில் கொட்டிவிட்டேன். கிளினிக்கில் அவர் கேட்டபோது அதை அப்படியே சொன்னேன்.

"அந்தத் தண்ணி எங்கண்ணே போகுது?"

"ஆத்துக்குத்தான்."

"அந்த மருந்து கலந்த தண்ணியில கெடந்தா ஆம்பள மீனுக்குள்ளயே முட்டை உருவாகுது. அப்புறம் எப்படிக் குஞ்சு பொரிக்கும்? நீங்க எதை விப்பீங்க?"

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். "முழுங்கினதும் கடைசியில ஆத்துக்குத்தானே போகுது லா?"

"ஆமாண்ணே. அதை என்னால தடுக்க முடியாது. கொட்டுறத தடுக்கலாமே. மிச்சத்த இங்க கொண்டாந்து குடுத்துடுங்க," என்றார் அவர். குரல் உயரவில்லை. சிரித்தவர் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம், என்னிடம் மீன் வாங்கும் வீடுகளில் எல்லாம் கேட்டு, ஒரு பை நிறையப் பழைய மருந்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். இருபது வருடம் ஆற்றை வைத்துப் பிழைத்தவன், அதற்காகச் செய்த முதல் வேலை அது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா செஞ்சீங்கண்ணே," என்றார்.

யார் யாரோ கொடுத்த பாராட்டெல்லாம் மறந்துவிட்டது. நம் தமிழ்ப்பெண் ஒருத்தி சொன்ன அந்த வார்த்தையை மட்டும் இன்றும் நெஞ்சை நிமிர்த்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.